மண்ணுக்குச் செய்த வண்டி

மூன்றாவது தடவையும் வண்டி கவிழ்ந்து, கூரை தாரில் தேய்ந்துகொண்டே போய் நின்றபோதுதான் அப்பா வாய் திறந்தார்.

“அது மண்ணுல ஓடுற வண்டி பாப்பா. தார்ல விட்டா கவுறாம என்னா செய்யும்?”

அந்த வாரத்தில் அவர் என்னோடு பேசியதில் அதுதான் ஆக நீளமானது.

எனக்குப் பேசுவதுதான் தொழில். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, 6 மணியிலிருந்து 10 மணிவரை வானொலியில் சிரித்துப் பேசி, பாட்டுப் போட்டு, சாலை நெரிசல் சொல்லி வீடு திரும்பினால் அங்கே பேச்சே இருக்காது. அப்பா பால்கனி நாற்காலியில் உட்கார்ந்து கீழே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் (இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள், அப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை) ஒரு தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் 34 வருடம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினைந்து வருடம் ஃபோர்மேன். தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொன்ன பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் அவரும் அம்மாவும் கிள்ளானில் எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ஒரே மாதத்தில் மூன்று மாடிக்குச் சிநேகிதம் பிடித்துவிட்டார். அப்பா மின்தூக்கியில்கூட யார் முகத்தையும் பார்ப்பதில்லை. வந்த ஆறாம் மாதம் வலது கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரை சாப்பிடுகிறார். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர் எதையும் அதன் பிறகு அவர் தொடவில்லை.

வண்டி என் தம்பியுடையது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது பெட்டியோடு என் அறையில் போட்டுவிட்டுப் போனான். தொலைக்கட்டுப்பாட்டில் ஓடும் பகி. “பக்கியா? பேரே நல்லால்லையே” என்றார் அம்மா. பொம்மை என்று நினைத்துவிடாதீர்கள். எட்டில் ஒரு பங்கு அளவு. பேட்டரியோடு மூன்றரைக் கிலோ. நான்கு சக்கரத்துக்கும் இழுவை. சரியாக ஓட்டினால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும். கணுக்காலில் மோதினால் எலும்பு உடையும். அதனால்தான் கடைவீதியெல்லாம் மூடிக்கிடக்கும் ஞாயிறு மாலையில், பின்புறத்துக் கார் நிறுத்துமிடத்தில், காவலாளியிடம் சொல்லிவிட்டு ஓட்டுகிறேன். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் சங்கிலிக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். அதில் தயவு தாட்சண்யம் கிடையாது.

வானொலிக்காரிக்கு வானொலிக் கார் என்று நிலையத்தில் கிண்டல் செய்கிறார்கள். கிண்டலில் உண்மையும் உண்டு. இதுவும் ஓர் ஒலிபரப்புதான். நேயர் ஒருவர் மட்டுமே, அதுவும் சொன்னபடி கேட்கும் நேயர். அந்தக் காலத்து வண்டிகள் 27 மெகாஹெர்ட்ஸில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரிஸ்டல் மாட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் அதே கிரிஸ்டலை வைத்திருந்தால் அவர் திருப்ப உங்கள் வண்டி போய்ச் சுவரில் மோதும். இப்போது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ். பத்துப் பேர் ஒன்றாக ஓட்டினாலும் குழப்பம் இல்லை.

இந்த மாதிரிப் பகி மணலிலிருந்து வந்ததுதான். 1964-இல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் வோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினையும் உறுப்புகளையும் போட்டு, கடற்கரையில் ஓட்ட ஒரு திறந்த வண்டி செய்தார். அந்த மாதிரி வண்டிகளைச் சுருக்கித்தான் 1979-இல் ஜப்பானின் தமியா நிறுவனம் சேண்ட் ஸ்கார்ச்சர் என்ற ஆர்.சி. பகியைக் கொண்டுவந்தது. 1984-இல் அவர்களுடைய கிராஸ்ஹாப்பர் வந்தபோது உலகம் முழுக்கப் பையன்களுக்குப் பித்துப் பிடித்தது. இவை எல்லாமே மணலுக்கும் மண்ணுக்கும் பிறந்தவை. நெட்டைக் கால், மெத்தென்ற ஸ்பிரிங், முள்முள்ளாய் டயர். கிள்ளானில் நான் எங்கே போவேன் மண்ணுக்கு? நமக்குக் கிடைப்பது தார்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்தான்.

கவிழ்வதற்குக் காரணம் வேகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்பா தலையை ஆட்டினார். மண்ணில் வேகமாகத் திருப்பினால் டயர் வழுக்கும். வழுக்குகிறபோது வண்டி பக்கவாட்டில் நகர்ந்து தன் வேகத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் டயர் வழுக்காது, பிடித்துக்கொள்ளும். கால் பிடித்துக்கொள்ள, உடம்பு மட்டும் தன் போக்கில் போகப் பார்க்கும். பிடிமானம் கெட்டது என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. “பிடி கூடிப் போச்சு, அதான் கவுருது” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழை விரித்தேன். (ஆசிரியர் மன்னிக்க வேண்டும், ஞாயிறு மலர் தாள்தான் எண்ணெய் உறிஞ்ச நன்றாக இருக்கிறது.) அப்பா எதிரே உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு 555 நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். மளிகைக்கடையில் கடன் எழுதுவார்களே, அந்தச் சின்ன நோட்டுதான். ஒர்க்‌ஷாப்பில் எந்த டிராக்டருக்கு எப்போது எண்ணெய் மாற்றினார், எந்தப் போல்ட்டை எவ்வளவு முடுக்கினார் என்று அதில்தான் எழுதுவாராம். அந்த மாதிரி நோட்டு அவரிடம் இன்னும் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

“தரையிலேருந்து வயிறு எவ்வளவு ஒசரம்?”

அளந்தேன். 30 மி.மீ.

“எறக்கு.”

இந்த வண்டிகளில் அப்சோர்பரின் உடம்பில் மறை போட்டிருக்கும். அதில் ஒரு வளையம் ஸ்பிரிங்கைத் தாங்கிக்கொண்டிருக்கும். வளையத்தை மேலே திருகினால் வண்டி தாழும். நான்கு பக்கமும் திருகி 22 மி.மீட்டருக்கு இறக்கினேன். அதற்கும் கீழே போனால் கார் நிறுத்துமிடத்து வேகத்தடையில் வயிறு தட்டுகிறது. பிறகு ஸ்பிரிங்கை ஒரு படி விறைப்பானதாக மாற்றினேன். அடுத்து ஆன்டி ரோல் பார்: இடது வலது கால்களைக் குறுக்கே இணைக்கும் ஒரு கம்பி. ஒரு பக்கம் அமுங்கும்போது மறுபக்கத்தையும் சேர்த்து இழுத்துப் பிடித்து, வண்டி சாய்வதைக் குறைக்கும். முன்னால் 2.3 மி.மீ. கம்பி இருந்தது, 2.6 போட்டேன். சக்கரம் கீழே தொங்கும் அளவைக் குறைக்க ஒரு குட்டி ஸ்க்ரூவும் உண்டு. அதையும் கொஞ்சம் முடுக்கினால் திருப்பத்தில் உள்பக்கம் எழும்புவது அடங்கும்.

இதையெல்லாம் ஒரே ராத்திரியில் செய்ததுபோல எழுதுகிறேன். உண்மையில் ஐந்து ஞாயிறு ஆயிற்று. எனக்கு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்க்க ஆசை, அப்பா விடவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்றுதான் மாற்ற வேண்டும். ஓட்டிப் பார், எழுது, பிறகு அடுத்தது. “ரெண்ட மாத்துனா எது வேல செஞ்சதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” ஊடகத்துறையில் பட்டம் வாங்க மூன்று வருடம் படித்தேன், ஆராய்ச்சி முறை என்று ஒரு தனிப் பாடமே இருந்தது. யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தரவில்லை. பட்டத்தைப் பற்றி அப்பாவின் கருத்து வேறு. நான் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது, “பேசுறதுக்கு ஒரு படிப்பா?” என்று கேட்டவர் அவர்.

ஒர்க்‌ஷாப்பில் நான் கால் வைத்ததே இல்லை. பள்ளிவிட்டு வரும்போது அப்பாவுக்குத் தண்ணீர் போத்தல் கொடுக்கப் போவேன். கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே கிரீஸ் வாசம், இரும்புச் சத்தம், குழியில் இறங்கிய ஆட்களின் தலை. தம்பி ஆறு வயதிலேயே உள்ளே ஓடுவான். “பொம்பளப் புள்ளைக்கு இங்க என்னா வேல, வீட்டுக்குப் போ” என்று அப்பா கையாலேயே சைகை காட்டுவார். கோபமெல்லாம் இல்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. ஆனால் அந்தக் கதவு எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது, துருப்பிடித்த தாழ்ப்பாள் வரைக்கும்.

ஆறாவது ஞாயிறு டிஃப்பரன்ஷியலுக்கு வந்தோம். இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் ஒன்று தரையில் இழுபடும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றவும் வேண்டும், இரண்டுக்கும் எஞ்சினின் விசை போகவும் வேண்டும். 1820களின் கடைசியில் பிரான்சில் பெக்கர் என்பவர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். நான்கைந்து பற்சக்கரம் கொண்ட சின்னப் பெட்டி. நம் வீட்டுக் காரிலும் லோரியிலும் இன்றைக்கும் அதே பெட்டிதான்.

அதற்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கத்துக்கு விசையை விட்டுவிடும். அப்பா இதை ஒரு கதையாகச் சொன்னார். நவம்பர் மழை. மாசி பெர்குசன் டிராக்டர் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரோடு சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒரு பின்சக்கரம் சேற்றில் சும்மா சுற்றுகிறது. கெட்டித் தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் அசையவே இல்லை. காலடியில் ஒரு மிதி இருக்கிறது, டிஃப்பரன்ஷியல் பூட்டு. அதை அமுக்கினால் இரண்டு சக்கரமும் ஒன்றாகச் சுற்றும். வண்டி மெல்ல ஏறி வந்துவிட்டது. ஓட்டியவன் புதுசு. கெட்டிச் சாலைக்கு வந்த பிறகும் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. திருப்பத்தில் டிராக்டர் திரும்ப மறுத்து, முக்கி முனகி, நேராகக் கால்வாயை நோக்கிப் போயிற்று. “சேத்துல பூட்டணும், ரோட்டுல தொறக்கணும். அவனுக்கு அது தெரியல” என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அவர் சிரித்து அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது.

பகியில் பூட்டும் கிடையாது, மிதியும் கிடையாது. எண்ணெய்தான் பூட்டு. டிஃப் பெட்டிக்குள் சிலிக்கோன் எண்ணெய் ஊற்றி மூடுவார்கள். எண்ணெய் கெட்டியாக இருந்தால் உள்ளே பற்சக்கரங்கள் எளிதில் சுற்றாது. இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட சேர்ந்தே சுற்றும். நீர்த்ததாக இருந்தால் அதனதன் போக்கில் சுற்றும். போத்தலில் எண் போட்டிருக்கும். தண்ணீரை 1 என்று வைத்துக்கொண்டால் டிஃப் எண்ணெய் 1,000-இல் தொடங்கி லட்சத்துக்கும் மேலே போகும். 10,000 கிட்டத்தட்ட தேன் மாதிரி. லட்சம் என்பது போத்தலைக் கவிழ்த்துவிட்டு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அப்போதுதான் சொட்டும்.

இந்த வண்டியில் மூன்று டிஃப். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் ஒன்று, முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்க. தம்பி மண்ணுக்காக 5,000, 5,000, 3,000 என்று போட்டு வைத்திருந்தான்.

தாரில் அதன் வினை இப்படி இருந்தது. விசையை முழுதாக இழுத்தால் வண்டி பாய வேண்டும். பாயவில்லை. ஒரு கீச்சொலி மட்டும் எழும், பிறகுதான் வேகம் பிடிக்கும். நான் மோட்டார் பழுது என்று நினைத்தேன். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “முன்னால கத்துது. பின்னால சத்தமே இல்ல.” எனக்கும் காதுதான் சோறு போடுகிறது; ஆனால் எனக்கு அது ஒரே சத்தமாகத்தான் கேட்டது. சந்தேகத்தில் கைப்பேசியில் பதிந்து, மறுநாள் நிலையத்தில் ஹெட்போன் போட்டு வேகத்தைக் குறைத்துக் கேட்டேன். இருந்தது. மோட்டாரின் உறுமலுக்கு மேலே, அதைவிட வேகமாக ஏறுகிற இன்னொரு சுருதி. வண்டி கிளம்பும்போது பாரம் பின்னுக்குப் போகிறது, முன்சக்கரம் இலேசாகிறது; நடு டிஃப் சுலபமான பக்கமாகிய முன்பக்கத்துக்கு விசையைக் கொட்டுகிறது. முன்டயர்கள் பலூன்போல ஊதிச் சும்மா சுற்றுகின்றன. சேற்றில் மாட்டிய டிராக்டரின் அதே கதை.

“மெஷின்ல கேட்டியா?” என்றார். ஆமாம் என்றேன். “காது இருக்க மெஷின் எதுக்கு?” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “காலையில ஒன் கொரலும் அடைச்சிருந்துச்சி. மிளகு போட்டுக் குடி” என்றார். அவர் என் நிகழ்ச்சியைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவைக் கேட்டேன். தினமும் 6 மணிக்குச் சின்ன ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாராம். “நீ கேக்கல, நான் சொல்லல” என்றார் அம்மா.

டிஃப்பைப் பிரிப்பது பொறுமை வேலை. நான்கு ஸ்க்ரூ, ஒரு காகித கேஸ்கட், உள்ளே கடுகளவு ஷிம். என் கைதான் வேலை செய்தது. அப்பா சொல்லச் சொல்லச் செய்தேன். பழைய எண்ணெயைத் துடைத்து, பிரேக் கிளீனர் அடித்துக் கழுவிக் காய வைக்க வேண்டும். புது எண்ணெயை உள்ளே இருக்கும் குறுக்குக் கம்பி மூழ்கும் அளவுக்கு ஊற்றி நிறுத்த வேண்டும். விளிம்புவரை ஊற்றினால் சூட்டில் விரிந்து கசியும். காற்றுக் குமிழி மேலே வரக் காத்திருக்க வேண்டும். கெட்டி எண்ணெய்க்கு ஒரு ராத்திரிகூட ஆகும். பிறகு மூடி, ஸ்க்ரூக்களை வட்டமாக வரிசையில் அல்ல, எதிர் எதிராக முடுக்க வேண்டும். “ஹெட் போல்ட் மாதிரி, குறுக்கால குறுக்கால” என்று அவர் விரலால் மேசையில் கோடு போட்டார். விரல் நடுங்கியதால் கோடு வளைந்து வளைந்து போனது. நான் ஸ்க்ரூவைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். முதல் முறை கேஸ்கட்டைக் கிழித்துவிட்டேன்; மறுநாள் பெட்டிக்குள் எண்ணெய்க் குளம். திட்டுவார் என்று பார்த்தேன். “நானும் கிழிச்சிருக்கேன்” என்றார்.

எண்ணெய் வாங்க ஆர்.சி. கடைக்குப் போனபோது எனக்குக் கொஞ்சம் திமிர். நடு டிஃப்புக்கு லட்சம் எண்ணெயைக் கேட்டேன். கடைத் தவுக்கே என்னைப் பார்த்தார், பின்னால் கைகட்டி நின்ற அப்பாவைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு விசையை இழுத்ததும் வண்டி மூக்கைத் தூக்கி, குதிரைபோல நின்று, மல்லாந்து விழுந்தது. திரும்பவும் இழுத்தேன், திரும்பவும் விழுந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் நின்ற பிள்ளைகள் கை தட்டினார்கள். நடு டிஃப் ஏறக்குறைய பூட்டப்பட்டு, முன்பக்கம் கழன்று ஓடும் வழி இல்லாமல் போனதால், மோட்டாரின் விசை அத்தனையும் பின்சக்கரம் வழியாக வண்டியையே தூக்கியது. தவுக்கேயிடம் திரும்பிப் போய் 30,000 கேட்டபோது, முதலிலேயே எடுத்து வைத்திருந்ததுபோலக் கொடுத்தார்.

முன் டிஃப்பில் 10,000 போட்டோம். விசையோடு திருப்பத்தை விட்டு வெளியே வரும்போது முன்பக்கம் இழுத்துக்கொண்டு வருகிறது. ஆனால் விசையை விட்டுவிட்டு உள்ளே நுழையும்போது முன்னைவிட மெதுவாகத்தான் திரும்புகிறது. இரண்டும் சேர்ந்து கிடைக்காது போலிருக்கிறது. பின்னாலும் 10,000 போட்டுப் பார்த்தது தவறு: திருப்பத்தில் விசை கொடுத்தாலே வால் சுற்றிக்கொண்டது. 5,000-க்கு இறக்கியதும் அடங்கியது. 10, 30, 5. நோட்டில் அந்த மூன்று எண்ணையும் அப்பா வட்டம் போடச் சொன்னார். என் வண்டிக்கும், எங்கள் கார் நிறுத்துமிடத்துக்கும் அது சரி. உங்கள் இடத்தில் தார் சொரசொரப்பாக இருந்தாலோ, வியாழக்கிழமை பாசார் மாலாம் எண்ணெய் படிந்திருந்தாலோ மாறும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. மண் டயரின் முட்களைத் தார் இரண்டே மாலையில் மொட்டையாக்கிவிட்டது. சாலை டயர் வாங்கினோம். பிடி இன்னும் கூடி, வண்டி மறுபடியும் சாய ஆரம்பித்தது. அதற்கு ஒரு பழைய பந்தயத் தந்திரம் இருக்கிறது: முன்டயரின் வெளி ஓரச் சுவரில் சூப்பர் குளூவை மெல்லிசாகப் பூசிக் காய விடுவது. ஓரம் கெட்டியாகி, வண்டி சாயும்போது அந்த இடம் தரையைக் கவ்வாமல் வழுக்கும். பிடியைக் குறைக்கப் பசை! அப்பாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. சிங்கப்பூரிலிருக்கும் தம்பிக்குத் தொலைபேசியில் இரண்டு முறை சொன்னார்.

அப்சோர்பருக்கு எண்ணெய் மாற்றியது அப்பா கைவைத்த முதல் வேலை. 400 எண்ணிலிருந்து 600-க்குப் போனோம். எண்ணெய் ஊற்றி, தண்டை மெல்ல மேலும் கீழும் இழுத்துக் குமிழி போக்கி மூடிய பிறகு, இடதும் வலதும் ஒரே மாதிரி அமுங்குகிறதா, ஒரே மாதிரி திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டையும் மேசையில் நிறுத்தி நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கையை நீட்டி வாங்கினார். இரண்டு உள்ளங்கையிலும் ஒவ்வொன்றாக வைத்து மேசைமேல் ஊன்றி அமுக்கினார். உடம்பின் பாரம் இறங்கியதும் கை நடுக்கம் நின்றுவிட்டது. “வலதுல காத்து இருக்கு” என்றார். பிரித்தேன். மூடிக்கு அடியில் மிளகளவு ஒரு குமிழி.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஓட்டிக்கொண்டிருந்த கருவியை அவரிடம் நீட்டினேன். துப்பாக்கி மாதிரிப் பிடி. இடது ஆள்காட்டி விரலால் விசை, வலது கையால் சின்னச் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். வேண்டாம் என்றார். பிறகு வாங்கினார். வண்டி நகர்ந்தது. நேராகப் போக வேண்டிய இடத்தில் அது இடம் வலமாகத் தள்ளாடியது. அவருடைய வலது கையில் இருந்ததெல்லாம் தாரில் தெரிந்தது. பிள்ளைகளில் ஒருவன் சிரித்தான். அப்பா வண்டியை நிறுத்திக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கருவியில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. டூவல் ரேட் என்பது சக்கரம் மொத்தத்தில் எவ்வளவு திரும்பலாம் என்ற அளவு. எக்ஸ்போ என்பது நடுப்பகுதியை மழுக்குவது. கை கொஞ்சம் அசைந்தால் வண்டி அதைக் கண்டுகொள்ளாது, நன்றாகத் திருப்பினால் மட்டும் திரும்பும். அடுத்த ஞாயிறு பேட்டரி மாற்றும் சாக்கில் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, டூவல் ரேட்டை 60-க்கு இறக்கினேன், எக்ஸ்போவை 40-க்கு ஏற்றினேன், விசையைப் பாதியாக்கினேன். மறுபடியும் கருவியைக் கொடுத்தேன். இந்த முறை வண்டி நேராகப் போனது. இரண்டு சுற்று முழுதாக வந்தது. மூன்றாம் சுற்றில் நிறுத்தினார்.

“இதுல என்னமோ செஞ்சிருக்கே.”

பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவர் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன வெச்சிருக்கே?”

“திருப்பம் 60, பா.”

“80-ல வை. நடுக்கத்துக்கு வெச்சது இருக்கட்டும். அகலமாத் திரும்புனா ஒரு மாதிரியா இருக்கு.”

வைத்தேன். நோட்டில் எழுதச் சொன்னார், எழுதினேன். நான்காம் சுற்றில் வண்டி நன்றாகத் திரும்பியது. ஐந்தாம் சுற்றில் இன்னும் வேகமாக வந்து, நான் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பைத் தவறவிட்டு, சிமெண்டுக் கரையில் மோதி முன் இடது கை உடைந்து தொங்கியது. சிரித்த அதே பையன் ஓடிப்போய்த் தெறித்த ஸ்க்ரூவைத் தேடிக் கொண்டுவந்தான்.

மறுநாள் கடைக்கு என்னோடு அவரும் வந்தார். ஒரு ஜோடி 38 வெள்ளி. நான் பணப்பையைத் திறப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டார்.

“ரெண்டு ஜோடியா குடுக்கச் சொல்லு” என்றார்.